ஒவ்வொண்டாவா, மொத்தமாவா? – வாசகர் கேள்வி பதில்

இந்தமுறை வந்த கேள்விகளைப் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விசயத்தைச் சுத்தித்தான் நிக்குது. ஒரு பங்ஷன் (குடுத்ததை வாங்கி ஒரு வேலை செய்து விடை தாற சின்ன நிரல்) எழுதியாச்சு, அதை ஒரு லிஸ்டில இருக்கிற எல்லாத்துக்கும் எப்பிடிப் போடுறது, போட்டா ஏன் வேற என்னவோ வருது எண்டு. பைதன், ஜூலியா, ஜாவாஸ்கிரிப்ட் எண்ட நிரல் பாஷைகள், எக்ஸெல் எண்டு இடம் மாறுதே தவிர சிக்கல் ஒண்டுதான், அதால இந்தப் பக்கம் முழுக்க அதுக்கே குடுக்கிறன். உதாரணங்களில வாற பெயர்களைத் தமிழிலயே வச்சிருக்கிறன், பைதனும் ஜூலியாவும் தமிழ்ப் பெயரை அப்பிடியே ஏற்கும், பயப்பிடாம அடிச்சுப் பாருங்கோ.

அக்கா, நான் ஏ.எல் ஐ.சி.ரி செய்றேன். பைதன்ல விலைகள் = [450, 1200, 80] என்று லிஸ்ட் ஒன்று வச்சு, எல்லா விலையையும் ரெண்டு மடங்காக்க விலைகள் * 2 என்று போட்டேன். மூணு விலைக்குப் பதிலா ஆறு விலை வருது. 1.18 ஆல பெருக்கினா எரரே வருது. ஏன்?
– மாணவி, கொட்டாஞ்சேனை

தங்கச்சி, பைதன் உங்கட பேச்சைக் கேட்டுத்தான் செய்திருக்கு, நீங்க கேட்டது மட்டும் வேற. பைதன் லிஸ்ட் எண்டுறது நம்பர் மட்டும் வைக்கிற இடம் இல்ல, அதுக்குள்ள பெயர் வைக்கலாம், இன்னொரு லிஸ்டையே வைக்கலாம், நம்பரும் பெயரும் கலந்தும் வைக்கலாம். அதால கூட்டல் குறி போட்டா அது ரெண்டு லிஸ்டை ஒண்டோட ஒண்டு ஒட்டுது, கூட்டல் ஒட்டுறது எண்டா ரெண்டால பெருக்குறது ரெண்டுதரம் ஒட்டுறது தானே, அதுதான் 450, 1200, 80, 450, 1200, 80 எண்டு ஆறு வந்தது. 1.18 தரம் ஒட்டு எண்டா எப்பிடி ஒட்டுறது? அதால எரர்.

இதில பிடிச்சுக்கொள்ள வேண்டியது, ஒரு வேலையை லிஸ்ட் எண்ட முழுப் பொருளுக்குச் செய்யலாம், இல்லாட்டி உள்ளுக்க இருக்கிற ஒவ்வொண்டுக்கும் செய்யலாம், ரெண்டும் ரெண்டு வேலை. 138 பஸ்ஸில கொண்டக்டர் ஒவ்வொரு ஆளிட்டயும் போய்க் காசு வாங்குறதும், கலியாண வீட்டுக்கு அதே பஸ்ஸை ஹயருக்குப் பிடிச்சு முழு பஸ்ஸுக்கும் ஒரு விலை பேசுறதும் ஒண்டில்லயே. நீங்க நினைச்சது முதலாவது, எழுதினது ரெண்டாவது.

ஒவ்வொண்டுக்கும் செய்யிறதுக்குப் பைதனில மூண்டு வழி தெரிஞ்சிருந்தாக் காணும். வெறும் ஃபோர் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யிற சுத்து) போட்டு, வெறும் லிஸ்ட் ஒண்டுக்குள்ள ஒவ்வொரு விடையா அப்பெண்ட் பண்ணுறது (கடைசியில சேக்கிறது), சோதினைக்கு இது கைவந்திருக்கவே வேணும். அடுத்தது லிஸ்ட் கொம்ப்ரிஹென்ஷன், அதே ஃபோர் (for), இன் (in) ரெண்டும் சதுர அடைப்புக்குள்ள ஒரே வரியில வந்திடும், வாசிக்கேக்க "விலைகளில இருக்கிற ஒவ்வொரு விலைக்கும் விலை தர 1.18" எண்டு வாயால சொல்லுற மாதிரியே இருக்கும், எனக்குப் பைதனில ஆகப் பிடிச்சதும் இதுதான். மூண்டாவது மேப், அதுக்குப் பங்ஷனையும் லிஸ்டையும் குடுத்தா மிச்சத்தை அது பாக்கும்.

நம்பை எண்ட லைப்ரரி போட்டு அதே விலைகளை நம்பை அரேயா (கணக்குக்கெண்டு வச்ச எண் வரிசையா) மாத்தினீங்களெண்டா நீங்க முதல்ல எழுதின மாதிரியே 1.18 ஆல பெருக்கலாம், 450 க்கு 531, 1200 க்கு 1416, 80 க்கு 94.40 எண்டு வரும். அங்க கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் குறி எல்லாம் ஒவ்வொண்டுக்கும் தனித்தனியாத்தான் வேலை செய்யும் எண்டு ஆரம்பத்திலயே முடிவெடுத்துக் கட்டியிருக்கினம். ஒரே குறி ரெண்டு இடத்தில ரெண்டு வேலை செய்யிறதால, கையில இருக்கிறது லிஸ்டா அரேயா எண்டு தெரியாம அந்தக் குறியில கை வைக்காதீங்கோ.

பைதனில மேப் போட்டு ப்ரின்ட் பண்ணினா விடை வரேல்ல, "மேப் ஒப்ஜெக்ட்" எண்டு ஏதோ அட்ரஸ் வருது. லிஸ்டா மாத்தினா வருது, ரெண்டாம்தரம் லிஸ்டா மாத்தினா வெறும் லிஸ்ட்!
– வாசகர், வெள்ளவத்தை

2008 டிசம்பரில பைதன் 3 வந்ததிலயிருந்து மேப் உடனே கணக்குப் பாக்கிறேல்ல. கேக்கக் கேக்க ஒண்டொண்டாத் தரும், குடுத்து முடிஞ்சா முடிஞ்சதுதான், திரும்ப முதல்ல இருந்து தராது. நீங்க முதல்தரம் லிஸ்டாக்கினதோட எல்லாம் எடுத்தாச்சு. அதால ஒருக்கா லிஸ்டாக்கி ஒரு பெயரில வச்சுக்கொண்டு அதையே பாவியுங்கோ. இது குறையே இல்ல, பெரிய பைல் ஒண்டை வரி வரியா வாசிக்கேக்க முழுக்க மெமரிக்குள்ள ஏத்தாமலே வேலை முடிக்கலாம். பைதனை உண்டாக்கின கைடோ வன் ரொஸ்ஸம் 2005 இல மேப்பையே பைதன் 3 இல இருந்து எடுக்கப்போறன் எண்டு எழுதினவர், கொம்ப்ரிஹென்ஷன் இருக்கேக்க அது தேவையில்ல எண்டுறது அவற்ற நியாயம். கடைசியில மேப் தப்பீட்டுது, அதோட சேந்து நிண்ட ரிடியூஸ் (லிஸ்டில இருக்கிற எல்லாத்தையும் ஒரு விடையாக்கிற பங்ஷன்) தான் ஃபங்க்டூல்ஸ் எண்ட வேற மொடியூலுக்குப் போனது.

அக்கா, கம்பஸ் ப்ரொஜெக்டுக்கு ஜூலியா பாவிக்கிறன். டெலிவரியோட(விலை) = விலை * 1.18 + 50 எண்டு பங்ஷன் எழுதினன். ஒரு விலைக்குச் சரி. டெலிவரியோட(விலைகள்) எண்டு முழு லிஸ்டையும் குடுத்தா கூட்டல் இடத்தில எரர், ஆனா 1.18 ஆல பெருக்கிற இடத்தில எரர் இல்ல. ஒண்டை விடுது மற்றதை விடேல்ல, ஏன் இப்பிடி?
– பொறியியல் மாணவன், மொறட்டுவை

தம்பி, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேணும், ஏன் எண்டா எரரைப் பாத்து சும்மா புள்ளியை (ஜூலியாவில இந்த எரரைத் தீக்கிற குறி, கீழ சொல்லுறன்) போட்டிட்டுப் போகாம ஏன் எண்டு கேட்டிருக்கிறீங்க.

ஜூலியாவில அரே எண்டா அது கணக்கு பாடத்தில வாற வெக்டர் (எண் வரிசை), மெற்றிக்ஸ் (எண் கட்டம்). வெக்டரை ஒரு எண்ணால பெருக்கலாம். வெக்டரோட ஒரு எண்ணைக் கூட்டு எண்டா? கணக்கில அப்பிடி ஒண்டு இல்ல. அதால பெருக்கலை விட்டுது, கூட்டலில நிண்டுது. நீங்க அந்த லிஸ்டை வெக்டரா நினைக்கேல்ல, மூண்டு தனித்தனி விலையா நினைக்கிறீங்க. அதைச் சொல்லுறதுக்குத்தான் புள்ளி:

டெலிவரியோட.(விலைகள்)

பெயருக்கும் அடைப்புக்கும் நடுவில ஒரே ஒரு புள்ளி, விடை 581, 1466, 144.40. நீங்க எழுதின எந்தப் பங்ஷனுக்கும் இதைப் போடலாம், அதுக்கெண்டு பங்ஷனில ஒரு எழுத்தும் மாத்தத் தேவையில்ல. 500 ரூபாவுக்கு மேல எண்டா பத்து வீதம் குறைக்கிற ஒண்டு பாருங்கோ:

தள்ளுபடி(வி) = வி > 500 ? வி * 0.9 : வி

தள்ளுபடி.(விலைகள்) எண்டா 450, 1080, 80. இதையே நம்பையில இஃப் போட்டு முழு அரேயையும் 500 ஓட ஒப்பிட்டா எரர் வரும், அரே முழுக்க உண்மையா பொய்யா எண்டு சொல்ல ஏலாது எண்டு. அது சரிதானே, மூண்டு விலைக்கு மூண்டு விடை இருக்கு, இஃப்புக்கு வேண்டியது ஒண்டு. அங்க வேர் (where) எண்ட பங்ஷனைத் தேடிப் போகவேணும். ஜூலியாவில ஒரு விலைக்கு என்ன செய்யவேணும் எண்டு மட்டும் யோசிச்சு எழுதுங்கோ, எல்லாத்துக்கும் செய்யிற வேலையைப் புள்ளியிட்ட விடுங்கோ. பங்ஷனை ஒரு விலை குடுத்து டெஸ்ட் பண்ணிப் பாக்கிறதும் இதால லேசு.

இந்தப் புள்ளி ஜூலியாவில முதல்ல இருந்தே இருந்ததில்ல. ஜூலியா வெளியில வந்தது 2012, பங்ஷன் பெயருக்குப் பின்னால புள்ளி போடுற வழக்கம் 2016 இல 0.5 பதிப்போட வந்தது. அதுக்கு முந்தி சைன் (sin) பங்ஷனுக்கு ஒரு வெக்டரைக் குடுத்தா அதுவே ஒவ்வொண்டுக்கும் போட்டுக்கொள்ளும், ஆனா எந்தெந்தப் பங்ஷன் அப்பிடிச் செய்யும், எது செய்யாது எண்டு எழுதினவையள்தான் முடிவெடுக்கவேணும். 2018 இல வந்த 1.0 இல புள்ளி இல்லாம சைனுக்கு வெக்டர் குடுத்தா எரர்தான். கன பேர் அப்ப முணுமுணுத்தவை, நான் இதைச் சரியான முடிவு எண்டுதான் சொல்லுவன். மெற்றிக்ஸுக்கு வந்தா ஏன் எண்டு தெரியும். [1 2; 3 4] எண்ட மெற்றிக்ஸை எடுத்து ^2 போட்டா மெற்றிக்ஸ் பெருக்கல், 7, 10, 15, 22. புள்ளியோட .^2 போட்டா ஒவ்வொண்டின்ர வர்க்கம், 1, 4, 9, 16. ரெண்டுக்கும் எரர் வராது, ரெண்டும் முறையான கணக்கு, வேற வேற கணக்கு. எக்ஸ்பொனென்ஷல் பங்ஷனும் அப்பிடித்தான், ரெண்டு கணக்கும் ரெண்டு விதமா எழுதவேணும் எண்டா கோட் வாசிக்கிறவனுக்கு ஒரு புள்ளியிலயே விசயம் தெரிஞ்சிடும்.

இன்னொரு லாபமும் இருக்கு. விலைகள் .* 1.18 .+ 50 எண்டு எழுதினா ஜூலியா ரெண்டு புள்ளியையும் சேத்து ஒரே லூப்பாக்கிப் போடும், நடுவில தற்காலிக அரே ஒண்டும் உண்டாகாது. நம்பையில வழமையா முதல்ல பெருக்கின விடைக்கு ஒரு அரே, பிறகுதான் கூட்டல். பத்து லட்சம் விலை இருந்தா ஒரு விலைக்கு 8 பைட் படி அந்தத் தற்காலிக அரேயே 80 லட்சம் பைட். உங்கட மூண்டு விலைக்கு இது ஒண்டுமேயில்ல, ப்ரொஜெக்ட் டேட்டா பெருக்கேக்க தெரியவரும்.

ஒரு இடத்தில மட்டும் கவனம். கையில [100, 101, 138] எண்டு பஸ் நம்பர் இருக்கு, இதில எது எது இன்னொரு லிஸ்டில இருக்கு எண்டு பாக்க இன் பங்ஷனுக்குப் புள்ளி போட்டு ரெண்டு லிஸ்டையும் குடுக்கிறீங்க எண்டு வைப்பம். மற்ற லிஸ்ட் [138, 101, 100]. மூண்டும் இருக்கே, எல்லாத்துக்கும் ஓம் எண்டு வரவேணும். வராது, 101 க்கு மட்டும்தான் ஓம் வரும். புள்ளி ரெண்டு லிஸ்டையும் பிரிச்சு 100 ஐ 138 ஓடயும், 101 ஐ 101 ஓடயும், 138 ஐ 100 ஓடயும் சோடி சேத்திட்டுது. நீளம் வேற எண்டா (ஒரு லிஸ்டில ஒரே ஒரு பொருள் இருந்தாத் தவிர) எரர் வந்து காப்பாத்தும், ரெண்டு நீளமும் சமனா இருந்தா சத்தமில்லாமப் பிழைச்சிடும். பிரிக்கக்கூடாத லிஸ்டை ரெஃப் எண்ட பங்ஷனுக்குள்ள வச்சுக் குடுங்கோ, அது முழுசா ஒரு பொருளா நிக்கும், மற்றது மட்டும் ஒண்டொண்டாப் போகும். சோடி சேக்கிறதில மேப்புக்கும் புள்ளிக்கும் ஒரு வித்தியாசம், நீளம் ஒத்துவராத ரெண்டு லிஸ்டைக் குடுத்தா மேப் சின்னது முடியிற இடத்தோட பேசாம நிண்டிடும், புள்ளி எரர் தரும்.

ஜாவாஸ்கிரிப்ட்ல "10", "20", "30" என்ற எழுத்துகளை நம்பரா மாத்த மேப்புக்குள்ள பார்ஸ்இன்ட்டைப் போட்டேன். 10 சரி, மற்ற ரெண்டும் நம்பரே இல்லை என்று வருது. இன்டர்வியூவிலயும் கேட்டாங்க, பதில் தெரியல.
– வாசகர், பம்பலப்பிட்டி

பார்ஸ்இன்ட்டைத் தனியாப் போட்டா மூண்டும் சரியா வரும். ஜாவாஸ்கிரிப்ட் மேப் பங்ஷனுக்கு ஒரு பொருளை மட்டும் குடுக்கிறேல்ல, மூண்டு குடுக்கும், பொருள், அதின்ர இடம், முழு அரே. பார்ஸ்இன்ட் ரெண்டு வாங்கும், ரெண்டாவது எத்தனையாம் அடியில இருக்கிற எண் (எத்தனை இலக்கங்களைப் பாவிச்சு எழுதின எண்) எண்டுறது. அப்ப என்ன நடக்குது, "10" ஓட இடம் 0 போகுது, 0 எண்டா அது வழமையான பத்தாம் அடி எண்டு எடுக்கும், தப்பீட்டுது. "20" ஓட 1 போகுது, ஒண்டாம் அடி எண்டு ஒண்டு அங்க இல்ல. "30" ஓட 2 போகுது, ரெண்டாம் அடியில 0, 1 மட்டும்தான், 3 எண்ட இலக்கமே கிடையாது. மேப்புக்குள்ள சின்னதா ஒரு ஏரோ பங்ஷன் எழுதி பார்ஸ்இன்ட்டுக்குப் பொருளையும் 10 ஐயும் நீங்களே குடுங்கோ, சரி வரும். அடுத்த இன்டர்வியூவில இந்த மூண்டு விசயம் போறதைச் சொன்னீங்களெண்டாக் காணும், மிச்சம் அவையளுக்கே விளங்கும்.

தமிழ்ப் பெயர்களை எழுத்தெழுத்தாப் பிரிக்க வேணும், பிள்ளைகளுக்கு ஒரு சொல் விளையாட்டு செய்யிறன். பைதனில "அம்மா" எண்டதை லிஸ்டாக்கினா அஞ்சு துண்டு வருது, மெய்யின்ர புள்ளி தனியா, அரவு தனியா நிக்குது.
– ஆசிரியை, தெஹிவளை

டீச்சர், இது எங்கட பாஷைக்காரர் எல்லாரும் கட்டாயம் முட்டுற இடம், ஆங்கிலத்தில கோட் எழுதிப் பழகினவைக்கு இப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது. ஒவ்வொண்டுக்கும் செய் எண்டு சொல்லுறம், அந்த ஒவ்வொண்டு எண்டுறது எது எண்டு கொம்பியூட்டரோட நாங்க பேசி முடிக்கேல்ல. எங்களுக்கு அ, ம், மா எண்டு மூண்டு. யூனிகோடுக்கு (கொம்பியூட்டரில எழுத்துகளுக்கு நம்பர் குடுக்கிற முறைக்கு) அ, ம, புள்ளி, ம, அரவு எண்டு அஞ்சு குறியீடு, பைதன் லிஸ்டாக்கேக்க அந்தக் குறியீட்டைத்தான் எண்ணும். ஜூலியாவில நீளம் கேட்டாலும் அஞ்சுதான் சொல்லும்.

அதுக்கு மேல இன்னொரு அடுக்கு இருக்கு, கிராஃபீம் எண்டு சொல்லுவினம், வாசிக்கிறவர் ஒரு எழுத்தா காணுற கூட்டம். ஜூலியாவில யூனிகோட் எண்ட மொடியூல் கூடவே வரும், அதில கிராஃபீம்ஸ் எண்ட பங்ஷனுக்கு "அம்மா" குடுத்தா அ, ம், மா எண்டு நீங்க கேட்ட மூண்டும் வரும். பைதனோட வாற, எழுத்துக் கோலங்களைத் தேடுற ஆர்.ஈ (re) மொடியூலில இது இல்ல, ரெஜெக்ஸ் எண்டு வெளியால ஒரு லைப்ரரி இருக்கு, அதைப் போட்டா அதில ஒரு கிராஃபீமைப் பிடிக்கிற குறி இருக்கு. எதைப் பாவிச்சாலும் முதல்ல எழுத்துகளைப் பிரிச்சு லிஸ்டாக்கி வையுங்கோ, அந்த லிஸ்டுக்கு மேலதான் விளையாட்டின்ர பங்ஷனைப் போடவேணும். சொல்லைத் திருப்பி எழுதுற விளையாட்டு எண்டா இன்னும் கவனம், குறியீடு குறியீடாத் திருப்பினா அரவு சொல்லுக்கு முன்னால வந்து நிக்கும், பிள்ளையள் பாத்துப் பயந்திடுங்கள். ஜூலியாவில சொல்லுக்குப் புள்ளி போட்டா எழுத்தெழுத்தாப் போகாது, சொல்லை அது ஒரு முழுப் பொருளாத்தான் எடுக்கும், பெயர் லிஸ்ட் ஒண்டுக்கு வேலை செய்யேக்க அதுதான் எங்களுக்கும் வேணும்.

நான் புறக்கோட்டையில சில்லறைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். எக்ஸெல்லில வற் வரியோடு விலை போட்டு ரூபாவுக்கு முழுசாக்கினால் பில் மொத்தமும் நான் கல்குலேட்டரில போடுற மொத்தமும் ஒரு ரூபா, ரெண்டு ரூபா வித்தியாசப்படுகிறது.
– கடை உரிமையாளர்

ஐயா, உங்கட கல்குலேட்டரிலயும் பிழை இல்ல, எக்ஸெல்லிலயும் பிழை இல்ல, வேலை நடக்கிற ஒழுங்கு வேற. 80 ரூபா சாமான் மூண்டு எடுப்பம். 2024 ஜனவரியில இருந்து வற் 18 வீதம், ஒண்டு 94.40. ஒவ்வொண்டையும் முதல்ல முழுசாக்கினா 94, மூண்டுக்கு 282. கூட்டிப்போட்டு முழுசாக்கினா 283.20, அது 283. சாமான் கூடக்கூட வித்தியாசமும் கூடலாம். ஒவ்வொண்டுக்கும் செய்யிற வேலையையும் எல்லாத்தையும் சேத்து ஒண்டாக்கிற வேலையையும் இடம் மாத்தினா விடை மாறலாம், 18 வீதம் பெருக்கிறதை மட்டும் எங்க செய்தாலும் ஒண்டுதான், முழுசாக்கிறதுதான் சண்டை பிடிக்கிறது. நடுவில சதம் வரைக்கும் அப்பிடியே விட்டிட்டு கடைசி மொத்தத்தில மட்டும் முழுசாக்குங்கோ எண்டு நான் சொல்லுவன், ஆனா சாமானுக்குச் சாமான் விலையைத் துண்டில அடிச்சு ஒட்டியிருக்கிறீங்க எண்டா வாடிக்கையாளர் அந்த விலையைக் கூட்டித்தான் பாப்பார், அப்ப முதல்லயே முழுசாக்கிறதுதான் மரியாதை. எதை எடுத்தாலும் கடை முழுக்க ஒரே முறை. புது எக்ஸெல்லில ஒரு பெட்டிக்குள்ள முழு விலை நிரலையும் 1.18 ஆல பெருக்கினா கீழ எல்லாம் தன்பாட்டில நிரம்பும், ஒவ்வொரு வரியா இழுத்துக்கொண்டு போகத் தேவையில்ல.

ஒரு பங்ஷனை ஒவ்வொன்றுக்கும் போடும் இந்த யோசனையை முதலில் கொண்டுவந்தது யார்?
– வாசகர், மட்டக்குளி

ஒருத்தரைச் சொல்ல ஏலாது. ஜோன் மக்கார்த்தி 1960 இல லிஸ்ப் எண்ட நிரல் பாஷை பற்றி எழுதின கட்டுரையில மேப்லிஸ்ட் எண்டு ஒரு பங்ஷன் வருது, பங்ஷனையே இன்னொரு பங்ஷனுக்குக் குடுக்கிற வழி அதில இருக்கு. கெனத் ஐவர்சன் 1962 இல புத்தகமா எழுதின ஏ.பி.எல் எண்ட பாஷை வேற பாதை, அதில ரெண்டு வரிசையைக் கூட்டு எண்டு எழுதினா லூப் எண்ட பேச்சே இல்லாம ஒவ்வொண்டா கூட்டுப்படும், அவருக்கு 1979 இல கொம்பியூட்டர் துறையின்ர பெரிய விருதான டூரிங் விருது குடுத்தவை. நம்பை, மேட்லாப், ஜூலியாவில புள்ளிக் குறி எல்லாம் ஐவர்சன்ட பக்கத்துச் சொந்தம். பைதன் மேப்பும் ஜாவாஸ்கிரிப்ட் மேப்பும் லிஸ்ப் பக்கம். ஃபோர்ட்ரான் 90 லயும் முழு அரேயைக் கூட்டுற வசதி வந்திட்டுது, பழைய விஞ்ஞானக் கணிப்புக் கோடுகளில இண்டைக்கும் காணலாம்.

லூப் எழுதினா ஸ்லோ, மேப் போட்டா ஃபாஸ்ட் எண்டு ஆபிசில சொல்லுகினம். உண்மையோ?
– வாசகி, கொழும்பு 6

பாதி உண்மை. பைதன் லூப்பில ஒவ்வொரு சுத்துக்கும் இந்தப் பொருள் என்ன இனம், இதுக்குப் பெருக்கல் எது எண்டு திரும்பத் திரும்பப் பாக்கும், நம்பை அந்த லூப்பை சி பாஷையில எழுதி ஒருக்கா கம்பைல் பண்ணி (கொம்பியூட்டர் நேர ஓட்டக்கூடிய கட்டளையா மாத்தி) வச்சிருக்கு, வேகம் அங்கயிருந்துதான் வருது. மேப் எண்ட பெயரில வேகம் ஒண்டும் இல்ல, நீங்க எழுதின பைதன் பங்ஷனைத்தான் அதுவும் ஒண்டொண்டாக் கூப்பிடும். நம்பையில வெக்டரைஸ் எண்டு ஒண்டு இருக்கு, பெயரைப் பாத்து வேகமாக்கும் எண்டு நினைச்சுப் பாவிக்கினம், அதுக்குள்ளயும் இருக்கிறது வெறும் லூப்தான், வசதிக்குத்தான் வச்சிருக்கிறம் எண்டு நம்பைக்காரரே எழுதி வச்சிருக்கினம். ஜூலியாவில லூப்பே கம்பைல் ஆகிறதால லூப்பும் புள்ளியும் வேகத்தில அவ்வளவு வித்தியாசம் இல்ல, வாசிக்க எது லேசோ அதை எழுதுங்கோ. உங்கட ஆபிசில என்ன பாஷை எண்டு எழுதேல்ல, பைதன் எண்டா முதல்ல டைம்இட் (நேரம் அளக்கிற மொடியூல்) போட்டு ரெண்டையும் ஓட்டிப் பாத்திட்டு அந்த நம்பரோட எனக்கு எழுதுங்கோ.